53 மார்க் வாங்கியவனுக்குப் படிக்கத் தெரியவில்லை: கடலோரப் பள்ளி ஒன்றின் ஆங்கில வகுப்பு

## பின்னணி

தேவிபட்டினத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கினால் வரும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம், பிள்ளைகளின் பெயரும் இதில் வராது. 2023 ஜூனில் ஒன்பதாம் வகுப்பாக என்னிடம் வந்து, 2025இல் ஒருத்தி தவிர மற்றவர்கள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிப் போன 34 பேரைப் பற்றிய பதிவு இது. அதில் ஒரு பையனைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருக்கிறேன். நான் அவர்களுக்கு ஆங்கில ஆசிரியை.

பாதிக்கு மேல் கடல் தொழில் குடும்பங்கள். பாக் நீரிணைப் பக்கம் கடல் ஆழம் குறைவு. நாட்டுப்படகும் ஃபைபர் வள்ளமும் நண்டு வலையும்தான் இங்கே அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வரும் 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகு போய்க்கொண்டே இருக்கும். தடைக்காலத்தில் பையன்கள் சும்மா இருப்பார்கள், அப்போது உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்று வந்த புதிதில் நான் போட்ட கணக்கு இந்த ஊருக்குச் சரிவரவில்லை. விடிகாலையில் கரைக்கு வரும் வலையிலிருந்து நண்டைக் கழற்றும் வேலையில் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. முதல் பீரியடில் தூங்கி விழுகிறவன் ராத்திரி டிவி பார்த்தவன் என்று நினைத்துவிடக் கூடாது.

இந்தப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையான வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. ஆறாம் வகுப்பு முழுக்க வீட்டில் கழிந்தது, ஏழாம் வகுப்பின் நடுவில் வந்து சேர்ந்தார்கள். 2022இல் அடிப்படை எழுத்தையும் கணக்கையும் சொல்லிக்கொடுக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது அது 1 முதல் 3 வகுப்புகளுக்கு. இவர்கள் எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். எட்டு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. ஆனால் எல்லாப் பழியையும் கொரோனா மேல் போட்டுவிட்டு நகர எனக்கு மனமில்லை. இவர்களுடைய அண்ணன்மார் எழுதிய பழைய விடைத்தாள்களைப் பிறகு புரட்டிப் பார்த்தேன். அவற்றிலும் இதே கதைதான்.

## சந்தேகம் வந்த இடம்

2023 செப்டம்பர், காலாண்டுத் தேர்வு. கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்காரும் ஒரு பையன் 53 வாங்கியிருந்தான். கையெழுத்து சுமார், அடித்தல் திருத்தல் இல்லை. பத்தி வினா ஒன்றுக்கு அவன் எழுதிய விடையில் ஒரு பிழைகூடக் கிடையாது. சிக்கல் என்னவென்றால், கேள்வி முதல் பாடத்திலிருந்து, விடை இரண்டாம் பாடத்தினுடையது. அவசரத்தில் மாறிப்போயிருக்கும் என்று பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

நான்கைந்து தாள் தள்ளி இன்னொன்று உறுத்தியது. இரண்டு தாளில், ஒரே சொல்லில் ஒரே எழுத்து விடுபட்டிருந்தது. காப்பி அடித்தார்களா என்றால், இருவரும் வேறு வேறு அறை. ஏழு தாளில் அதே எழுத்து இல்லை. கைடை வாங்கிப் பார்த்தேன். அச்சுப் பிழை அங்கே இருந்தது.

கைடில் இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு ஆங்கில வரிக்கு மேலும் பென்சிலில் தமிழ். மொழிபெயர்ப்பு இல்லை, உச்சரிப்பு. அக்காவோ டியூஷன் அண்ணனோ எழுதிக் கொடுத்தது. ஒரே பக்கத்தில் மூன்று வேறு ஆங்கிலச் சொற்களுக்கு மேல் ‘பிக்’ என்று எழுதியிருந்தது. ஒன்று பெரியது, ஒன்று பன்றி, ஒன்று பொறுக்கியெடுப்பது. மூன்றுக்கும் தமிழில் அதே இரண்டு எழுத்து. இதை எழுதும்போது எனக்கும் அதே கஷ்டம்தான். ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்தையும் பதினாறாவது எழுத்தையும் நான் ‘பி’ என்றே எழுத வேண்டியிருக்கிறது. நான்காவதும் இருபதாவதும் ‘டி’.

படிக்கத் தெரியாமல் 53 எப்படி வரும்? வரும். பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாள் 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. ஒன்பதுக்கும் நாங்கள் அதே அமைப்பில்தான் தாள் எடுப்போம். மனப்பாடப் பாட்டுக்கு 5. வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லும் கேள்விக்கு 2, அதற்கு நேராகப் போ, இடதுபக்கம் திரும்பு என்ற நாலு வரியை எங்கே திருப்பிப் போட்டாலும் ஒன்றரை மார்க்காவது விழும். கடிதம், அறிவிப்பு, விளம்பரம் எல்லாவற்றுக்கும் அச்சு ஒன்று உண்டு. அதுபோக, பாஸுக்கு வேண்டியதை மட்டும் சுருக்கி நாங்களே கொடுக்கும் மினிமம் மெட்டீரியல். ஒரு வரியின் உருவத்தைக் கண்ணால் பிடித்து, கோலம் போடுகிற மாதிரி திரும்ப இழுக்கத் தெரிந்தவனுக்கு 35 பெரிய விஷயமே இல்லை. அதற்கு அசாத்தியமான நினைவாற்றல் வேண்டும். இவனிடம் அது இருந்தது.

## நான் செய்த தவறு

தாள் கொடுத்த மறுநாள், சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பிப் படிக்கச் சொன்னேன். முன்னறிவிப்பு எதுவும் கொடுக்கவில்லை.

அவன் முறை வந்தது. புத்தகத்தை இடது கையில் பிடித்து, வலது ஆள்காட்டி விரலை வரிக்கு அடியில் வைத்தான். விரல் நுனிகளில் நண்டு கடித்த பழைய தழும்புகள், ஒன்று புதிது. விரல் நகர்ந்தது, வாயும் அசைந்தது, வார்த்தை தடையில்லாமல் வந்தது. ஆனால் விரல் இருந்த இடத்துக்கும் வாயில் வந்ததற்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பாடத்தின் கேள்வி பதில் ஒன்றை, கண்ணைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

“டீச்சர், கைடை ஒப்பிக்கிறான்” என்று முன் பெஞ்சிலிருந்து ஒருத்தன் சொன்னான். வகுப்பே சிரித்தது. “டேய், புக்குல இருக்கிறதைப் படி” என்று நானும் சொன்னேன். அவன் நிறுத்தினான். விரல் மட்டும் அங்கேயே இருந்தது. நான் உடனே உட்காரச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மணி அடிக்கும் வரை அவன் நின்றான்.

மறுநாளிலிருந்து எட்டு வேலைநாள் வரவில்லை.

## வீட்டுக்குப் போனது

ஒன்பதாவது நாள் சாயங்காலம் தமிழ் ஐயாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். அம்மா வாசலில் கருவாடு அள்ளிக்கொண்டிருந்தார். பையன் சுவரோரம் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான். எழுந்தான், பக்கத்தில் வரவில்லை.

விஷயத்தைச் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். அந்த அம்மா சுற்றி வளைக்கவில்லை.

“அம்பத்தி மூணு வாங்கியிருக்கான்ல டீச்சர்? அவுக அப்பாவுக்குக் கையெழுத்து மட்டுந்தான் வரும். அம்பத்தி மூணு வாங்குன புள்ளைக்குப் படிக்கத் தெரியலைன்னா, நாங்க எதைத்தான் நம்புறது?”

என்னிடம் பதில் இல்லை. அந்த 53ஐப் போட்டது நான். அவன் எட்டு வருஷமாக எழுதிய எல்லா மார்க்கையும் எங்களைப் போன்ற யாரோ ஒருவர்தான் போட்டிருக்கிறோம்.

கிளம்பும்போது பையன் பின்னால் வந்து கேட்டான்: “இனிமே எந்திரிச்சுப் படிக்கச் சொல்ல மாட்டீங்கள்ல?” சொல்ல மாட்டேன் என்றேன். அடுத்த நாள் வந்தான். அந்த வாக்கை அதன் பிறகு யார் விஷயத்திலும் மீறவில்லை.

## தனித்தனியாகப் பார்த்தபோது

அக்டோபரில் இரண்டு வாரம், மதிய இடைவேளையில் வராந்தாவின் ஓரத்தில், ஒரு நேரத்தில் ஒருவர். மூன்றே படி. எழுத்தைக் காட்டி ஒலியைக் கேட்பது, மூன்றெழுத்துச் சொல், ஒரு சின்ன வாக்கியம். 34 பேரில் 12 பேரால் வாக்கியத்தைப் படிக்க முடியவில்லை. அந்தப் பன்னிரண்டில் ஐந்து பேர் காலாண்டில் பாஸ்.

எழுத்தின் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஒலிதான் தெரியாது. தமிழில் இந்த வேறுபாடே கிடையாது. ‘க’ என்ற எழுத்தின் பெயரும் க, அதன் ஒலியும் க. பெயரைச் சேர்த்துச் சொன்னால் சொல் வந்துவிடும். அதே நம்பிக்கையில் பிள்ளை ‘சி, ஏ, டி’ என்று சொல்லிக்கொண்டே போகிறது. அதிலிருந்து பூனைக்குரிய ‘கேட்’ எப்படி வரும்? ‘சியேடி’ என்றுதான் வரும். ஒரு பெண் அப்படித்தான் படித்தாள். அவள் தர்க்கத்தில் ஒரு தப்பும் இல்லை.

இன்னொன்றையும் கவனித்தேன், அதன் கனம் அப்போது உறைக்கவில்லை. பன்னிரண்டு பேரில் நான்கு பேர் பெண்கள். நான்கு பேருக்கும் முத்து முத்தான கையெழுத்து.

## எடுத்த முடிவுகளும் காரணமும்

முதலில் தள்ளிவைத்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். மெல்லக் கற்போர் என்று பன்னிரண்டு பேரையும் தனி அறைக்குப் பிரிக்கும் யோசனை வந்தது. வராந்தா வழியாக அந்த அறைக்கு நடந்துபோவதே அவர்களுக்கு இன்னொரு தடவை எழுந்து நின்று படிப்பது போலத்தான். அதனால் வேண்டாம் என்றேன். மாலை ஸ்பெஷல் கிளாஸும் சரிவராது, பையன்கள் கரைக்குப் போக வேண்டும், பெண்பிள்ளைகளுக்குக் கடைசி பஸ் ஒன்றுதான். வகுப்பு நேரத்திலேயே முதல் 20 நிமிஷம் எல்லோருக்கும் ஒலிப் பயிற்சி, மிச்சத்தில் பாடம் என்று வைத்தேன். நன்றாகப் படிக்கிறவர்களுக்கும் உச்சரிப்பில் வேலை இருந்ததால் யாரும் முணுமுணுக்கவில்லை.

தலைமையாசிரியர் கேட்டது ஒன்றே ஒன்று: “ரிசல்ட் கேப்பாங்களே டீச்சர், அதுக்கு என்ன பதில்?” அவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்த ஊரில் பத்தாவது பாஸ் சான்றிதழ் ஒன்று இருந்தால் ஐ.டி.ஐ., இல்லாவிட்டால் வள்ளம். “ஒன்பதுல என்ன வேணும்னாலும் பண்ணுங்க, பத்துல கை வைக்காதீங்க” என்று முடித்தார். அந்த நிபந்தனையோடு தொடங்கினேன்.

இரண்டாவது முடிவு, கைடில் தமிழில் எழுதிவைப்பதைத் தடுத்தது. இதைத் தடாலடியாகச் செய்தேன். அதன் விலையைப் பிறகு கொடுத்தோம்.

## பாம்பனும் தொண்டியும்

தொண்டை அதிராமல் வரும் ‘ப’வுக்கும் அதிர்ந்து வரும் ‘ப’வுக்கும் வித்தியாசம் காட்ட, ஆசிரியர் பயிற்சியில் சொன்னபடி உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்துப் பார்த்தேன். ஆங்கிலேயர் வாயில் பதினாறாவது எழுத்துக்குக் காகிதம் ஆடும். நம் ப-வில் அவ்வளவு மூச்சு இல்லை. 34 காகிதமும் அசையாமல் நின்றன. வகுப்பு சிரித்தது, இந்தத் தடவை என்னைப் பார்த்து.

தொண்டையில் கை வைத்துப் பார்ப்பது வேலை செய்தது. ஆனால் உண்மையில் கதவைத் திறந்தது பஸ் போர்டு. கரும்பலகையில் ‘பாம்பன்’ என்று எழுதி மெதுவாகச் சொல்லச் சொன்னேன். முதல் ப வேறு, ம்-க்கு அடுத்து வரும் ப வேறு. தமிழில் எழுத்து ஒன்றுதான், வாயில் இரண்டு. ஆங்கில போர்டில் அந்த இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து, முதலில் பதினாறாவது, அப்புறம் இரண்டாவது. ‘தொண்டி’யில் ண்-க்கு அடுத்த டி நான்காவது எழுத்து. ‘பட்டினத்’தில் வரும் ட்டி இருபதாவது. சங்கில் ஒரு க, சக்கரத்தில் ஒரு க. அந்தப் பையன் மெதுவாகச் சொன்னான், “அப்ப இந்தச் சத்தமெல்லாம் நம்மகிட்ட இருக்கு, எழுத்துத்தான் இல்ல.” நான் ஒரு வாரமாகச் சொல்ல முயன்றதை அவன் ஒரே வரியில் சொல்லிவிட்டான்.

அதிலும் ஓட்டை இருந்தது. ‘மண்டபம்’ என்று பேசும்போது ப மெலிந்துதான் வருகிறது. ஆனால் ஸ்டேஷன் போர்டில் பதினாறாவது எழுத்து இருக்கிறதே என்று ஒரு பெண் பிடித்துக்கொண்டாள். போர்டு எழுதுகிறவர்கள் தமிழ் எழுத்தைப் பார்த்து எழுதினார்கள், காதைக் கேட்டு எழுதவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். அதற்கப்புறம் ஒரு மாதம் மைல்கல், பஸ், கடைப் பெயர்ப்பலகை எதையும் அவர்கள் விடவில்லை. தப்பு கண்டுபிடிப்பதற்காகப் படித்தார்கள் என்பது என் ஊகம். எதற்காகவாவது படித்தால் சரி.

## ‘தொழிலுக்குப் போனார்’

நவம்பரில் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. தினம் ஒரு வாக்கியம், தங்கள் வீட்டைப் பற்றி. முதலில் தமிழில் சொல்ல வேண்டும், அப்புறம் நானும் பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்து ஆங்கிலத்தில் அமைப்போம். அந்த நோட்டுதான் படிக்கும் புத்தகம்.

அவன் எழுதிய முதல் வாக்கியம், ‘மை ஃபாதர் கோ டு பிசினஸ்.’ திருத்தச் சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். பிறகு, எந்த பிசினஸ் என்று கேட்டேன். “தொழிலுக்குத்தான் டீச்சர் போயிருக்காரு.” இந்தக் கரை முழுக்கத் தொழில் என்றால் மீன்பிடிதான். அகராதி அப்படிச் சொல்லாது. பையன் செய்த மொழிபெயர்ப்பு அகராதிப்படி சரி.

அங்கிருந்து ‘கோ டு சீ’ என்பதற்கு வந்தோம். கடலுக்குப் போகிறார் என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு வழி இருக்கிறது. நடுவில் ‘த’ இல்லாமல் ‘கோ டு சீ’ என்றால் கடலோடியாகப் போவது. ‘கோ டு த சீ’ என்றால் கரைவரை போய்ப் பார்த்துவிட்டு வருவது. “உங்க அப்பா எது? தேவிபட்டினத்துல நவபாஷாணம் கும்பிட வர்றவங்க எது?” என்று கேட்டேன். ஒருவர்கூடத் தவறாகச் சொல்லவில்லை. இருபது வருஷமாக ‘த’ எங்கே வரும், வராது என்று விதி எழுதிப்போட்டிருக்கிறேன். அந்தப் பத்து நிமிஷம் போல எதுவும் பதியவில்லை.

வினையில் வரும் ‘எஸ்’ இதைவிடக் கஷ்டப்படுத்தியது. போகிறான், போகிறாள், போகிறார், போகிறது என்று நான்கு விகுதி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு, நான்குக்கும் சேர்த்து ஆங்கிலத்தில் ‘கோஸ்’ ஒன்றுதான் என்றேன். “அப்ப அப்பாவுக்கும் நாய்க்கும் ஒரே மரியாதையா டீச்சர்?” என்று கேட்டாள் ஒருத்தி. ஆமாம் என்றேன். வகுப்புக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காததாலோ என்னவோ, மறக்கவும் இல்லை. வேற்றுமை உருபு சங்கதி அந்த வருஷம் அரைகுறையாகவே நின்றது. ‘வள்ளத்தில்’, ‘கரையில்’, ‘காலையில்’ எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே ‘இல்’. ஆங்கிலத்தில் உள்ளே, மேலே என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பாதிப் பேர் இன்றைக்கும் கரைக்கு உள்ளேதான் நிற்கிறார்கள்.

## மார்க் இறங்கியது

டிசம்பர் அரையாண்டு. 53 வாங்கியவன் 31. ஃபெயில். பன்னிரண்டு பேரில் முன்பு பாஸான ஐந்து பேரில் நான்கு பேர் ஃபெயில்.

காரணம் சிக்கலானது இல்லை. கைடின் பழைய வழியை அடைத்துவிட்டேன், புது வழி இன்னும் போட்டு முடியவில்லை. சொந்தமாக எழுத முயன்றார்கள், ஒவ்வொரு வரியிலும் பிழை, அரை மார்க் கால் மார்க்காகக் கழிந்தது. முன்பு புரியாமல் எழுதியதற்கு முழு மார்க், இப்போது புரிந்து எழுதியதற்கு பாதி.

ஜனவரியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். ஒரு பெண்ணின் அப்பா எழுந்து, “போன தடவ பாசான புள்ள இந்தத் தடவ ஏன் பெயிலு? டீச்சர் ஏதோ புதுசா பண்றாகளாமே?” என்றார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் ஒரு விடைத்தாளையும் அந்த நோட்டையும் காட்டினேன். அந்த அப்பா இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அதெல்லாம் சரி டீச்சர், பாஸ் பண்ண வைங்க” என்றார்.

அன்று ராத்திரி விதியை மாற்றினேன். மனப்பாடம் செய்யலாம், ஆனால் ஒரு நிபந்தனை. என்னிடமோ பக்கத்தில் இருப்பவரிடமோ விரல் வைத்துப் படித்துக் காட்டிய பத்தியை மட்டும்தான் மனப்பாடம் செய்யலாம். நெருக்கடியில் கண்டுபிடித்ததுதான், ஆனால் இரண்டு வருஷத்தில் எடுத்த முடிவுகளில் உருப்படியானது இதுதான். மனப்பாடம் இவர்களின் பலம். அதைப் பிடுங்கிவிட்டு வெறுங்கையோடு நிறுத்தியிருந்தேன். ஏப்ரல் ஆண்டுத் தேர்வில் பையன் 41. அதில் ஒரு கேள்விக்கும் வேறு பாடத்து விடை இல்லை.

## பத்தாம் வகுப்பு: இலக்கியம்

2024 ஜூன். கை வைக்காதீங்க என்ற நிபந்தனை இருந்தது, முழுதாகக் காப்பாற்றவில்லை.

பத்தாம் வகுப்பின் முதல் உரைநடைப் பாடம், பறக்கப் பயந்து பாறை விளிம்பில் நிற்கும் கடற்புறாக் குஞ்சைப் பற்றியது. கடலோரப் பிள்ளைகள், எளிதாகப் பிடிக்கும் என்று நினைத்தேன். இல்லை. கடற்புறா இங்கே பனிக்காலத்து விருந்தாளி, முட்டை இடுவதும் குஞ்சு பொரிப்பதும் தூரதேசத்தில். குஞ்சை யாரும் பார்த்ததில்லை. விளிம்பு என்ற சொல்லும் ஓடவில்லை. நம் கரை மணலும் சேறும், செங்குத்துப் பாறைக்கு எங்கே போவது? கடைசியில் பாம்பன் சாலைப் பாலத்துத் தூணின் திட்டில் பறவை உட்கார்ந்திருப்பதைச் சொன்னபோதுதான் முகம் தெளிந்தது. அதற்கப்புறம் விவாதம் சூடுபிடித்தது. பசித்த குஞ்சின் கண்முன்னால் தாய் மீனைக் காட்டி இழுப்பது சரியா தப்பா என்று இரண்டு கட்சி. “எங்கப்பா என்னையத் தண்ணில தூக்கித்தான் போட்டாரு” என்று ஒருவன் தாய் கட்சிக்குச் சாட்சி சொன்னான். என் பையன் எதிர்க்கட்சி. கீழே விழுந்திருந்தால் யார் பொறுப்பு என்று கேட்டான். அன்று எழுதிய விடைகளில் பிழைக்குக் குறைவில்லை, ஆனால் ஒரு விடைபோல இன்னொன்று இல்லை.

கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள் தாரிணி பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய பாடம் வேறு மாதிரி. 2017 செப்டம்பரில் கோவாவிலிருந்து கிளம்பி, 254 நாளில், 2018 மே மாதம் திரும்பிய பயணம். காற்று எதிரே அடித்தால் பாய்மரம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியவில்லை. தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி பார்த்தவன் ஒருவன் கரும்பலகைக்கு வந்து, காற்றுக்குக் குறுக்கே வளைந்து வளைந்து ஏறும் கோட்டை வரைந்தான். படத்துக்குக் கீழே ஐந்து ஆங்கில வாக்கியம் வகுப்பே சேர்ந்து எழுதியது.

கவிதைக்குத் தமிழ் ஐயா உதவினார். அணி, ஓசை நயம் என்று நான் ஆங்கிலத்தில் தனியாக நடத்திக்கொண்டிருந்ததெல்லாம் அவர் வகுப்பில் ஏற்கெனவே நடந்தவை. முதலெழுத்து ஒன்றிவருவது மோனை, அடிக் கடைசி ஒன்றிவருவது இயைபு, ‘போல’ வந்தால் உவமை, வராமல் ஒன்றாகவே சொல்லிவிட்டால் உருவகம். ஆங்கிலப் பாட்டில் அடிக்கடைசி ஒலியைக் குறிக்கச் சொல்லும் கேள்வியை ‘இயைபு கேள்வி’ என்று பெயர் மாற்றினேன். எதுகையை ஆங்கிலப் பாட்டில் தேடாதே என்று மட்டும் எச்சரித்தேன். வலை இழுக்கும்போது பெரியவர்கள் பாடும் அம்பாவில் ‘ஏலேலோ’ ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்டதற்கு, “அப்பத்தான் எல்லாரும் ஒண்ணா இழுக்க முடியும்” என்றாள் ஒரு பெண். பாட்டில் வரி திரும்ப வருவது எதற்கு என்ற இரண்டு மார்க் கேள்விக்கு அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன்.

நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 41 செ.மீ. மழை கொட்டியது. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை, இருந்தாலும் இரண்டு வீட்டு நோட்டுகள் நனைந்து போயின. ஜனவரியிலிருந்து மார்ச் வரை நடந்ததைப் பெருமையாகச் சொல்ல முடியாது. ரிவிஷன் டெஸ்ட், மினிமம் மெட்டீரியல், மறுபடி ரிவிஷன் டெஸ்ட். நானும் அதே ஓட்டத்தில்தான் ஓடினேன். படித்துக் காட்டிவிட்டு மனப்பாடம் என்ற விதி மட்டும் கடைசிவரை நின்றது.

## என்ன ஆனது

பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் ஆங்கிலத்தில் தேர்ச்சி. ஒருவன் துணைத்தேர்வில் தேறினான். ஒருத்தி தேர்வு எழுதவில்லை.

அந்தப் பையன் 44. இரண்டு வருஷ உழைப்புக்குப் பிறகு, பழைய 53ஐவிட ஒன்பது குறைவு. இப்போது ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படிக்கிறான். சேரும் முன் பள்ளிக்கு வந்தபோது ஒன்று சொன்னான். நான் பார்க்கவில்லை, அவன் சொன்னதுதான். அவன் அப்பா வள்ளத்து ஜி.பி.எஸ். கருவியைப் பட்டன் வரிசையை மனப்பாடம் செய்துதான் ஓட்டுவாராம், எழுத்தைப் படிப்பதில்லை. வலை விட்ட இடம், பார் (கடலடிப் பாறை) இருக்கும் இடம், எல்லைக் கோடு எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒரு நாள் கை தவறி வேறு பட்டனை அழுத்திவிட்டு, வழக்கம்போல அடுத்ததை அழுத்தப் போனார். இவன் எட்டிப் பார்த்துவிட்டு, “நிறுத்துப்பா, எல்லாத்தையும் அழிக்கவான்னு கேக்குது” என்றானாம்.

“எப்படிடா படிச்ச?” என்றேன். “மொதல் எழுத்து தொண்டி டி, டீச்சர்.”

## இன்னொரு முறை என்றால்

காலாண்டு வரை காத்திருக்க மாட்டேன். ஜூன் இரண்டாவது வாரமே, தனியாக, ஒவ்வொருவராக. மார்க் இறங்கப் போகிறது என்பதை இறங்கும் முன்பே பெற்றோரிடம் சொல்வேன். அதைச் சொல்லாமல் விட்டதால்தான் ஜனவரிக் கூட்டத்தில் நான் குற்றவாளி மாதிரி நின்றேன். கைடை அடியோடு தடுக்க மாட்டேன். தமிழ் ஐயாவிடம் ஒன்றரை வருஷம் தாமதமாகப் போனதற்குக் காரணமே இல்லை, பக்கத்து நாற்காலிதான்.

தேர்வு எழுதாத அந்தப் பெண்ணைப் பற்றியும் எழுத வேண்டும். முத்தான கையெழுத்து என்று முன்பு சொன்ன நான்கு பேரில் ஒருத்தி. ‘சியேடி’ என்று படித்தது அவள்தான். வகுப்பில் எழுந்து நின்று அவள் அவமானப்படவில்லை, காணாமல் போகவில்லை, யாருடைய அப்பாவும் வந்து கேட்கவில்லை. அதனால் அவளுக்கென்று நான் தனியாக எதுவும் செய்யவில்லை. 2025 ஜனவரியில் நின்றுவிட்டாள். பையன் எட்டு நாள் வராததற்கு ஒன்பதாவது நாள் அவன் வீட்டில் இருந்தேன். அவள் வீட்டுக்குப் போனது மார்ச் முதல் வாரம். கதவு பூட்டியிருந்தது. திருப்பூர் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

2025 ஜூனில் வந்த ஒன்பதாம் வகுப்பில் 29 பேர். வராந்தாவுக்கு முதலில் கூப்பிட்டது பெண்பிள்ளைகளை, கையெழுத்து அழகாக இருக்கும் நோட்டுகளிலிருந்து தொடங்கி.